சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுமுன்: 12 பயனுள்ள குறிப்புகள்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளை "நான் லா படிக்கப் போறேன்" என்று சொன்னதுமே வீட்டில் எழும் முதல் கேள்வி, "எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?" அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். படித்து முடித்தபின் எங்கே போய் நிற்கப் போகிறாய் என்று முதலில் கேளுங்கள். அதற்கு ஓரளவு பதில் கிடைத்தால் கல்லூரிப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

1. பெரிய கம்பெனிகளின் சட்டத் துறை, மும்பை, டெல்லி சட்ட நிறுவனங்கள் என்று பிள்ளை கனவு கண்டால் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த நிறுவனங்கள் ஆள் எடுக்க வருவது பெரும்பாலும் அங்கேதான். சொந்த மாவட்டத்தில் சிவில், கிரிமினல் வழக்கு நடத்தப் போகிறவருக்குக் கணக்கு வேறு. சீனியர், குமாஸ்தா, கட்சிக்காரர் எல்லாம் உள்ளூர் மனிதர்கள். மாவட்ட நீதிமன்றங்களில் தமிழ்தான் புழக்கம். அவருக்கு மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிகள் தருகிற அறிமுகத்தை வெளிமாநிலக் கல்லூரி தர முடியாது. நீதிபதி ஆக விரும்புகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சிவில் நீதிபதி தேர்வு எழுதக் குறைந்தது மூன்று ஆண்டு வழக்கறிஞர் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே படிப்பு முடிந்ததும் எந்த ஊர் நீதிமன்றத்தில் அந்த மூன்று ஆண்டைக் கழிக்கலாம் என்பதையும் இப்போதே யோசிக்கலாம்.

2. ஐந்தாண்டா, மூன்றாண்டா? பிளஸ் டூ முடித்த கையோடு சேர்வது ஐந்தாண்டுப் படிப்பு. ஏதாவது ஒரு டிகிரி முடித்துவிட்டுச் சேர்வது மூன்றாண்டுப் படிப்பு. இரண்டாவது வழியில் மொத்தத்தில் ஓர் ஆண்டுதான் கூடுதல். பதினேழு வயதில் "லாவா, பி.காமா" என்று தடுமாறுகிற பிள்ளையை ஐந்தாண்டுப் படிப்புக்குள் தள்ளுவதைவிட, முதலில் பி.காம் படிக்க விடுவதே மேல் என்பது என் கட்சி.

3. நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு இப்போதெல்லாம் டிசம்பரில் நடக்கிறது. அதாவது பிள்ளை பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே! விண்ணப்பம் அதற்குச் சில வாரம் முன்பே முடிந்துவிடும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கோ பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டித்தான் விண்ணப்பம். "ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்" என்று இருக்கும் வீடுகளில் கிளாட் வாய்ப்பு சத்தமில்லாமல் கைநழுவிப் போகிறது.

4. கிளாட் தேர்வில் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே. பெரும்பாலும் நீளமான பத்திகளைப் படித்துவிட்டு விடை சொல்ல வேண்டும்; மனப்பாடம் கைகொடுக்காது. ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து, படித்ததும் சாரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் கோச்சிங்குக்குப் பணம் கட்டலாம். திணறினால் முதலில் வாசிப்பைச் சரி செய்யுங்கள்; கோச்சிங் பிறகு. பெங்களூரு, ஹைதராபாத் என்று பெயர்பெற்ற இடங்கள் மட்டும்தான் என்றில்லை. திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இதே தேர்வுதான். அங்கே நம் மாநிலத்தவருக்கென ஒதுக்கீடும் உண்டு. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் தனியாக ஒரு தேர்வு நடத்துகிறது. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

5. கிளாட் இல்லாமல் மாநிலத்துக்குள் என்றால் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம்தான். நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. ஆனால் இங்கே விண்ணப்பம் இரண்டு வகை. பெருங்குடி வளாகத்திலுள்ள சீர்மிகு சட்டப் பள்ளிக்கு ஒன்று. அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளிட்ட இணைப்புக் கல்லூரிகளுக்கு இன்னொன்று. ஒன்றைப் போட்டால் மற்றதற்கும் சேர்த்துப் போட்டதாகாது. சீர்மிகு சட்டப் பள்ளியின் கட்-ஆஃப் அதிகம், கட்டணமும் அதிகம். எனவே அதை மட்டும் நம்பியிருக்காமல் இரண்டையும் போட்டுவிடுவது நல்லது.

6. முகவரியைப் பாருங்கள். "மெட்ராஸ் லா காலேஜ்" என்றதும் அப்பாக்களின் மனசில் பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டிய அந்தச் செங்கல் கட்டடம்தான் வந்து நிற்கும். 1891-இல் தொடங்கிய அந்தக் கல்லூரி 2018-இல் இரண்டாகப் பிரிந்து ஊருக்கு வெளியே போய்விட்டது. ஒன்று கேளம்பாக்கம் பக்கம் புதுப்பாக்கத்தில். மற்றது திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணி சாலையில் பட்டரைப்பெரும்புதூரில். வியாசர்பாடியிலிருந்து தினமும் போய்வர வேண்டிய பிள்ளைக்கு இந்த இரண்டில் எது கிடைக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. கலந்தாய்வுக்கான கல்லூரி விருப்பப் பட்டியல் நிரப்புவதற்குள் ஒரு வேலை நாளில் காலை பஸ்ஸில் ஒரு தடவை போய்வரச் சொல்லுங்கள்.

7. கட்டணத்தை ஐந்தாண்டுக்கும் சேர்த்து எழுதுங்கள். அரசு சட்டக் கல்லூரியில் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களுக்குள் அடங்கும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு லட்சக்கணக்கில் ஆகும். தனியாரில் இடத்துக்கு இடம் மாறும். ஹாஸ்டல், மெஸ், லேப்டாப், இன்டர்ன்ஷிப்புக்காக வெளியூரில் தங்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டுங்கள். இத்தோடு, தொழிலுக்கு வந்த முதல் இரண்டு மூன்று ஆண்டு ஜூனியர் வக்கீலுக்கு சீனியர் தருவது பெரும்பாலும் பெட்ரோல் செலவுக்கே சரியாக இருக்கும். கல்விக் கடன் வாங்குகிறவர்கள் தவணை தொடங்கும் மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையா? 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பள்ளித் தலைமை ஆசிரியரிடம் அதற்கான சான்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

9. தனியார் கல்லூரி என்றால் முதல் வேலை, இந்திய பார் கவுன்சிலின் அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது. அனுமதி காலவரையறையோடு தரப்படுவது. புதுப்பிக்காமல் விட்டிருந்தால் சிக்கல் பிள்ளைக்குத்தான். 2025 ஆகஸ்டில் பார் கவுன்சில் புதிய சட்டக் கல்லூரிகளுக்கு மூன்று ஆண்டு தடை போட்டிருக்கிறது. ஆகவே "புதுசா ஆரம்பிக்கிறோம் சார், முதல் பேட்ச்சுக்குச் சலுகை" என்று யாராவது போன் செய்தால் அனுமதிக் கடிதத்தின் தேதியைக் கேளுங்கள். அஞ்சல் வழி எல்.எல்.பி. செல்லாது. பக்கத்து மாநிலத்தில் பெயரைப் பதிந்துவிட்டு "பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்கிற லெட்டர்பேடு கல்லூரி பக்கமே போகாதீர்கள். பார் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். வகுப்புக்கே போகாமல் வாங்கிய பட்டம் வழக்கறிஞராகப் பதியும்போது வம்பில் கொண்டுபோய் விடும்.

10. கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள், அதுவும் அட்மிஷன் கவுண்டரோடு திரும்பாமல். நூலகத்துக்குப் போய், சாட்சியச் சட்டப் பகுதியில் ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திறங்கள். இரவல் சீட்டில் கடைசித் தேதி முத்திரை எந்த ஆண்டு? 2016 என்றிருந்தால் அந்த அலமாரி சும்மா அலங்காரத்துக்கு. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும் கூடவே வந்த மற்ற இரண்டு சட்டங்களும் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றுக்கான புத்தகங்கள் வந்திருக்கின்றனவா? தீர்ப்புகளைத் தேடும் ஆன்லைன் சந்தா மாணவருக்குக் கிடைக்குமா, முதல்வர் அறை கம்ப்யூட்டரோடு சரியா? அடுத்து நோட்டீஸ் போர்டு. மாதிரி நீதிமன்றப் போட்டி, இலவச சட்ட உதவி முகாம் பற்றிய அறிவிப்பு ஒன்றாவது கண்ணில் படட்டும். அபராதக் கட்டண அறிவிப்பு மட்டுமே ஒட்டியிருந்தால் யோசியுங்கள். கேன்டீனில் நாலாம் ஆண்டு மாணவர் யாரையாவது பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "முழுநேர ஆசிரியர் எத்தனை பேர், இன்டர்ன்ஷிப் யார் ஏற்பாடு செய்தார்கள்?" என்று கேளுங்கள். ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரம் இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும் என்பது விதி. பல கல்லூரிகள் அதற்கு ஒரு கடிதம் மட்டும் அடித்துக் கொடுத்து, இடத்தை நீயே தேடிக்கொள் என்று விட்டுவிடுகின்றன. குடும்பத்தில் முதல் தலைமுறையாக வக்கீலாகிற பிள்ளைக்கு இதுதான் பெரிய இடறல். தமிழ்வழியில் படித்தவர்கள் பரீட்சையைத் தமிழில் எழுத முடியுமா என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளலாம்.

11. எத்தனை விண்ணப்பம்? ஐந்தாறு போதும். எட்டுமா எட்டாதா என்று தெரியாதது இரண்டு, மதிப்பெண்ணுக்கு ஏற்றது இரண்டு, கண்டிப்பாகக் கிடைக்கும் என்பது ஒன்று. அந்தக் கடைசி ஒன்று, கிடைத்தால் மனமுவந்து போய்ச் சேரக்கூடிய கல்லூரியாக இருக்க வேண்டும். விருப்பப் பட்டியலில் "இது எப்படியும் கிடைக்காது" என்று நல்ல கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். உண்மையான ஆசை வரிசைப்படியே நிரப்புங்கள். ரேங்க் எட்டாவிட்டால் அடுத்த இடம் தானாக வரும்.

12. சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் போன்றவற்றுக்கு ரிசல்ட் வருமுன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதம் வந்தால் அங்கே வரிசை தெருவரை நிற்கும். பெயர், இனிஷியல் எல்லாச் சான்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ், மொபைலில் தெளிவான ஸ்கேன். கலந்தாய்வுக்கு முன்பே "சீட் பிளாக் பண்ணிக்கோங்க" என்று அவசரப்படுத்தும் இடத்தில் ஒரிஜினல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் கொடுத்துவிடாதீர்கள். சேராமல் விலகுகிற மாணவரின் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது, கட்டணத்தையும் விதிப்படி திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லியிருக்கிறது. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் தேதியும் முத்திரையும் உள்ள ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைத்தாளில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.