சந்தைச் சட்ட நீக்கமும் சிறு குடியானவரும்

விளைபொருள் விற்பனைக்குச் சட்டக் கட்டுப்பாடு வேண்டுமா என்னும் விவாதத்தில் பீகார் ராஜ்யத்தின் அனுபவம் ஆராயத்தக்கது. 1960-ம் வருஷத்துச் சந்தைச் சட்டத்தை அந்த ராஜ்யம் 2006-ல் அடியோடு ரத்துச் செய்தது. சந்தை வரி நீங்கினால் தனியார் முதல் பெருகும், வியாபாரிகளின் போட்டியால் விலை ஏறும் என்பதே அப்பொழுது கூறப்பட்ட காரணம்.

வரி நீங்கியது மெய்யே. ஆனால் சந்தை வளவுகளைப் பராமரித்து வந்ததும் அவ்வரியே. அது போகவே, பல இடங்களில் ஏல மேடைகளும் கிடங்குகளும் கேட்பாரற்றுக் கிடந்தன.

2015-16-ம் வருஷக் கணக்கின்படி பீகாரின் சாகுபடி நிலங்களில் 100-க்கு 90-க்கு மேற்பட்டவை 1 ஹெக்டேருக்கும் குறைந்தவை. ஐந்தாறு மூட்டை நெல்லை வண்டி பிடித்துத் தொலைவிலுள்ள சந்தைக்குக் கொண்டுபோவது இவர்களுக்குக் கட்டாது. ஆகவே களத்திலேயே உள்ளூர் வியாபாரியிடம் விற்றுவிடுகின்றனர். விதைக்கும் உரத்திற்கும் கடன் கொடுத்தவரும் பல சமயம் அவரே. சட்டம் இருந்த காலத்திலும் பலர் இவ்வாறே விற்றனர் என்பதை மறைத்தல் தகாது. ஆயினும், பகிரங்க ஏலத்தில் விழுந்த விலையைச் சுட்டிப் பேரம் பேச அன்று இடமிருந்தது. கூட்டுறவுச் சங்கங்கள் சர்க்கார் விலைக்கு நெல் வாங்குவதுண்டு. கொள்முதலோ பணமோ தாமதப்பட்டால் சிறு குடியானவரின் கடன் பொறுத்திராது. கிடங்குள்ள மிராசுதாரரோ இரண்டு மாதம் வைத்திருந்து, விலை ஏறியபின் விற்கிறார்.