பனிநிலத்து அஞ்சலுறைகள்

மாணவர்களே! அஞ்சல்தலை திரட்டுவோரை நீங்கள் அறிவீர்கள். துருவப் பகுதியிலிருந்து வந்த உறைகளைத் தேடித் திரட்டுவோரும் உளர். அன்னார்க்கு உறையின்மேல் பதிந்த முத்திரையே செல்வம். உள்ளே மடல் இல்லையெனினும் கவலையுறார்!

1933ஆம் ஆண்டில், அமெரிக்கக் கடற்படைத் தளபதி ரிச்சர்டு பேர்டு இரண்டாம் முறையாக அண்டார்க்டிகாவுக்குப் புறப்பட்டார். 'லிட்டில் அமெரிக்கா' என்னும் அவர்தம் பாசறையின் முத்திரையைப் பெற விரும்பியோர், அஞ்சற் கட்டணம் 3 சென்டுடன் 50 சென்டு மிகுதியாகச் செலுத்தி உறைகளை அனுப்பினர். ஒரு பகுதி 1934 சனவரியில் முத்திரை பெற்றது. எஞ்சியவை மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்தன. பணம் கொடுத்தோர் வாளா இருப்பரோ? அவர்க்கு விடைகூறும் பொறுப்பு அஞ்சல் துறையினுடையது.

ஆகவே, சார்லஸ் ஆண்டர்சன் என்னும் அஞ்சல் அலுவலர் கடல் கடந்து 1935 சனவரியில் அப்பாசறையை அடைந்தார். பனியின் அடியில் அமைந்த அறையிலிருந்து, தேங்கிய உறைகளுக்கெல்லாம் முத்திரையிட்டார். காகித உறைக்காகவா இத்துணைப் பயணம் என நீவிர் நகைக்கலாம், யான் நகையேன். ஊதியம் பெற்ற பணியை முடித்துக் கொடுத்தார் அவர்.

இன்றும் அவ்வுறையைக் கையிலெடுக்கும் திரட்டாளர் முதற்கண் நோக்குவது, முத்திரையிலுள்ள ஆண்டு 1934ஆ, 1935ஆ என்பதையே.