வீடு, காணி வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை



காலமெல்லாம் கொழுந்தெடுத்து, கவ்வாத்து வெட்டி, ஓய்வு பெறும்போது நமக்குக் கிடைப்பது ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும்தான். பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் வரும் இந்தச் சேமலாபப் பணத்தைக் கொண்டு டவுன் பக்கம் ஒரு துண்டுக் காணியும் சின்ன வீடும் வாங்க நம்மில் பலர் ஆசைப்படுகிறோம். நல்ல ஆசைதான். ஆனால் இந்தப் பணம் ஒரு முறைதான் வரும். ஏமாந்துவிட்டால் திரும்பச் சம்பாதிக்க உடம்பில் வலு இருக்காது. ஆகவே, நம் மக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இந்தப் பாடத்தில் விடை தருகிறோம்.

கேள்வி 1: "முத்திரை ஒட்டி, ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்தும் வாங்கியாச்சு. இனி காணி எனக்குத்தானே?"

விடை: இல்லை. தனியார் காணியொன்றை விற்பதானால், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில், ஒரே நேரத்தில் கூடியிருக்கும் இரண்டு சாட்சிகளுக்கு முன்பாக உறுதி எழுதிக் கையொப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த விற்பனை செல்லாது. "பிறகு எழுதித் தருகிறேன், இப்போது அட்வான்ஸ் கொடுங்கள்" என்று செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கும் இதே விதிதான். வெள்ளைத்தாளில் எழுதியது பணம் கொடுத்ததைக் காட்ட உதவலாம், காணியைத் தராது.

கேள்வி 2: "பக்கத்து லயத்தில ஒரு காம்பிராவை விலைக்குத் தாறாங்க. வாங்கலாமா?"

விடை: பெரும்பாலான பெருந்தோட்டக் காணி அரசுக்குச் சொந்தமானது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. பின்னர் காணி நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டது. லயக் காம்பிராவில் இருப்பவருக்கு அங்கே குடியிருக்கும் இடம் உண்டே தவிர, அதை விற்கும் உரிமை கிடையாது. தன்னிடம் இல்லாததை ஒருவர் எப்படி விற்க முடியும்? அப்படிக் கொடுக்கும் பணத்துக்கு நீங்கள் வாங்குவது ஒன்றுமில்லை. வீடமைப்புத் திட்டத்தில் கட்டிய வீடாக இருந்தாலும், கடன் கட்டி முடிந்ததனால் மாத்திரம் உரிமை வந்துவிடாது. உங்கள் பெயரில் உறுதி எழுதப்பட்டிருக்க வேண்டும். உறுதி கிடைத்தவர்களும் விற்குமுன் அதிலுள்ள நிபந்தனைகளை வாசித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி 3: "பத்து வருஷம் இருந்தா இடம் நமக்குச் சொந்தம்னு சொல்றாங்களே?"

விடை: பத்து வருட ஆட்சி பற்றிய சட்டம் 1871ஆம் ஆண்டிலிருந்து உண்டு. ஆனால், சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல், அவருக்கு எதிராக, இடைவிடாமல் ஆண்டு வந்திருக்க வேண்டும். அனுமதியின் பேரில் குடியிருப்பவருக்கு இது பொருந்தாது. அரசாங்கக் காணிக்கு எதிராகவும் செல்லாது. இதை நம்பி யாருக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி 4: "விக்கிறவர் உறுதியைக் காட்டுறார். அது போதாதா?"

விடை: போதாது. நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பக்கங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். வழக்கமாக 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேடுவார்கள். காணி ஈட்டில் இருக்கிறதா, வழக்கில் இருக்கிறதா, வேறொருவருக்கு ஏற்கெனவே விற்கப்பட்டதா என்பது அங்கே தெரியவரும். நில அளவைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கற்களையும் நேரில் பாருங்கள். வழி உண்டா என்றும் பாருங்கள்.

உறுதிக்குப் பதிலாக அரசாங்க அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ காட்டினால் மேலும் கவனம் தேவை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை, முன்கூட்டி எழுத்தில் சம்மதம் பெறாமல் கைமாற்ற முடியாது. முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி 5: "அப்பா பேர்ல இருந்த வீடு. அண்ணன் மட்டும் விக்கலாமா?"

விடை: தன் பங்கை மட்டுமே விற்கலாம். மலையகத்தில் வாழும் நமக்கு யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் பொருந்தாது. பொதுச் சட்டமே பொருந்தும். அதன்படி ஒருவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால், பாதி மனைவிக்கு அல்லது கணவனுக்கு. மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. கலியாணம் கட்டிப் போன மகளுக்கும் சம பங்கு உண்டு. எனவே முழு வீட்டையும் வாங்குபவர், உரிமையுள்ள எல்லோருடைய கையொப்பமும் உறுதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி 6: "செலவு எவ்வளவு வரும்?"

விடை: மாகாண சபைக்குரிய முத்திரைத் தீர்வை, பெறுமதியின் முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். ஐந்து இலட்சம் ரூபாக் காணிக்கு 3,000 + 16,000 = 19,000 ரூபா. சந்தைப் பெறுமதியே கணக்கு; உறுதியில் விலையைக் குறைத்து எழுதிப் பயனில்லை. நொத்தாரிசின் கட்டணம் வேறு. இவற்றையும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.

கேள்வி 7: "உறுதி எழுதியாச்சு. வேலை முடிஞ்சுதா?"

விடை: இன்னும் ஒன்று இருக்கிறது. உறுதியைக் காணிப் பதிவகத்தில் தாமதமின்றிப் பதிய வேண்டும். நீங்கள் பதியாமல் விட்டு, அதே காணியைப் பின்னர் வேறொருவர் விலை கொடுத்து வாங்கிப் பதிந்துவிட்டால், 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுச் சட்டப்படி அவருடைய உறுதி முந்திக்கொள்ளும். மோசடி நடந்தது என்று நிரூபிக்க நீங்கள்தான் கோடு ஏற வேண்டிவரும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

மூல உறுதியைத் தரகர் கையில் கொடுத்து வைக்காதீர்கள். எழுதாத தாளில் கையொப்பமோ விரல் அடையாளமோ வைக்காதீர்கள். பணத்தை நொத்தாரிசு முன்னாலேயே எண்ணி வாங்குங்கள். தம் முன்னிலையில் பணம் கொடுபட்டதா இல்லையா என்பதை அவர் உறுதியின் இறுதியில் எழுத வேண்டும். உங்களால் உறுதியை வாசிக்க முடியாவிட்டால், சாட்சிகளுக்கு முன்பாக அதை வாசித்து விளக்கிச் சொல்வது அவருடைய கடமை. "தமிழில சொல்லுங்க ஐயா" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

மறக்கக்கூடாதவை

* பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் உங்கள் பெயர் வேறு வேறாக இருந்தால், முதலிலேயே நொத்தாரிசிடம் சொல்லுங்கள்.
* புருஷன், பெண்சாதி இருவரும் உழைத்த பணமென்றால் இருவர் பெயரிலும் உறுதி எழுதுங்கள்.
* மலைச்சரிவில் வெறுங்காணி வாங்கினால், மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை தேவை. 2014 அக்டோபரில் மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்க முடியாது.
* உறுதி, படம், பற்றுச்சீட்டு மூன்றையும் ஒன்றாக, நனையாத இடத்தில் வையுங்கள். பிரதியொன்றை வேறிடத்தில் வையுங்கள்.

வசதி குறைந்தவர்களுக்கு உதவவென்றே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. பணம் கைமாறிய பிறகு அங்கே ஓடுவதைவிட, அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒரு நாள் சம்பளத்தை விட்டாவது போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால், "பதிவகத்தில் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். நேர்மையாக விற்பவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.