அடித்த கோலும் ஆக்கிய அணியும்

முன்னுரை

கால்பந்தாட்டத்தில் கோல் அடித்தவரை ஊரே அறியும். அவரை ஆட்டத்திற்கு ஆயத்தப்படுத்தியவரை அந்த அணியினர் மட்டுமே அறிவர். மறுநாள் நாளிதழில் முன்னவரின் படம் வரும். பின்னவரின் பெயர் கடைசி வரியில் வந்தாலும் வரும், வராமலும் போகும். ஓர் ஆட்டக்காரரின் வாழ்வில் எது பெரிது, தாம் அடித்த கோலா, தாம் ஆக்கிய அணியா? வரலாற்று மாணவனாகிய என் உள்ளத்தில் நெடுநாளாக இருந்துவரும் வினா இது. இதற்கு விடை காணத் தமிழகத்தின் முன்னணி ஆட்டக்காரராக விளங்கிப் பின்னர்ப் பயிற்றுநரான சைமன் சுந்தர்ராஜ் அவர்களின் பணியை எடுத்துக்கொண்டேன்.

ரோமில் ஒரு கோல்

1960ஆம் ஆண்டு ரோம் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைவர் பி.கே. பானர்ஜி, பயிற்றுநர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம். இந்தியா இடம்பெற்ற பிரிவோ மிகக் கடினமானது. அங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய மூன்று நாடுகளை எதிர்த்து ஆட வேண்டியிருந்தது. அங்கேரியிடம் 2-1 என்ற கணக்கில் போராடித் தோற்றோம். அந்த அங்கேரியே பின்னர் வெண்கலப் பதக்கம் பெற்றது என்பதை நினைத்தால் அத்தோல்வியின் மதிப்பு விளங்கும். பிரான்சுடன் பானர்ஜி அடித்த கோலால் 1-1 எனச் சமன் செய்தோம். பெஸ்காரா நகரில் பெருவிடம் 3-1 என்று தோற்றோம். அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சைமன் சுந்தர்ராஜ்.

அன்று அது தோல்வியில் கிடைத்த ஓர் ஆறுதல் கோலாகவே கருதப்பட்டிருக்கும். ஆனால், 1960க்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் பந்தயத்திற்குத் தகுதி பெறவே இல்லை. ஆகவே, ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசிக் கோல் ஒரு தமிழரின் காலிலிருந்து பிறந்ததாக இன்றளவும் நிற்கிறது. இது பெருமைக்குரியது; வருத்தத்திற்கும் உரியது.

ஆடுதல் வேறு, ஆட்டுவித்தல் வேறு

நன்றாக ஆடியவர் எல்லோரும் நன்றாகக் கற்பிப்பர் என்று சொல்ல முடியாது. முன்னணி ஆட்டக்காரர் கணப்பொழுதில் முடிவெடுப்பவர். எதிரணித் தடுப்பாளர் எந்தப் பக்கம் சாய்வார், பந்து எங்கே வந்து விழும் என்பதை எண்ணிப் பார்க்கும் முன்பே அவர் கால் நகர்ந்துவிடும். பயிற்றுநரோ கால் அறிந்த அந்த வித்தையைச் சொல்லாக்கிப் பிறர்க்குத் தர வேண்டும். தம்மைப்போல் விரைந்து ஓட மாட்டாதவனிடமும் பொறுமை காட்ட வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். எத்தனை துடித்தாலும் பந்தைத் தொட முடியாது.

இம்மாற்றத்தில் வெற்றி கண்டவர் சிலர் உலகெங்கும் உண்டு. இங்கிலாந்தின் பிரையன் கிளஃப் 274 லீக் ஆட்டங்களில் 251 கோல்கள் அடித்தவர். 1962 டிசம்பரில் முழங்காலில் பட்ட காயம் அவர் ஆட்ட வாழ்வைக் குலைத்தது. அவரே பயிற்றுநராகி, நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிக்கு 1979, 1980 ஆகிய ஈராண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்தார். நம் பானர்ஜியும் பயிற்றுநராகி, 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் பெறத் துணைநின்றார். ஆட்டத்திற்கு முன் பேச்சாலேயே வீரர்க்கு வலிமை ஏற்றுவதில் அவர் புகழ்பெற்றவர்.

எர்ணாகுளத்தில் ஓர் அணி

இவர்கள் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் சைமன் சுந்தர்ராஜ். 1941இல் தொடங்கிய சந்தோஷ் கோப்பை, மாநிலங்களுக்கு இடையே நடைபெறும் தேசியக் கால்பந்துப் போட்டியாகும். 1956இல் உருவான கேரள மாநிலம் கால்பந்தில் பேரார்வம் கொண்டிருந்தும் அக்கோப்பையைத் தொட முடியாமல் இருந்தது. 1973இல் கேரள அணிக்குப் பயிற்றுநராக அமைந்தவர் சைமன் சுந்தர்ராஜ். அவ்வாண்டு டிசம்பர் 27ஆம் நாள் எர்ணாகுளத்தில் நடந்த இறுதியாட்டத்தில், முன்பே பட்டம் வென்றிருந்த இரயில்வே அணியைக் கேரளம் 3-2 என்று வீழ்த்தியது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. இன்றும் கேரள மக்கள் அவரைக் ‘கேப்டன் மணி’ என்றே போற்றுகின்றனர். கோல் அடித்தவருக்குப் புகழ் போய்ச் சேர்ந்தது. அதுவே பயிற்றுநருக்கும் வெற்றி.

தொடர்ந்த பாடம்

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1973 அணியில் ஆடிய டி.ஏ. ஜாஃபர் பிற்காலத்தில் தாமே பயிற்றுநரானார். 1992இல் நம் கோயம்புத்தூரில் கேரளம் மீண்டும் கோப்பை வென்றபோதும், அடுத்த ஆண்டு அதைத் தக்கவைத்துக்கொண்டபோதும் பயிற்றுநர் அவரே. கற்றவர் கற்பித்தவராகும்போது பாடம் ஒரு தலைமுறையோடு நின்றுவிடுவதில்லை. 2022 வரை கேரளம் ஏழு முறை இக்கோப்பையை வென்றுள்ளது. தமிழ்நாட்டு ஆடவர் அணிக்கோ அந்தப் பேறு இன்னும் வாய்க்கவில்லை. 2018இல் நம் மகளிர் அணி தேசியப் பட்டம் வென்று ஓரளவு அக்குறையைத் தீர்த்தது. நம்மிடம் ஆற்றல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அண்டை மாநிலத்தின் முதல் வெற்றிக்கு வழிகாட்டியவரே தமிழர் அல்லவா?

முடிவுரை

அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் நம் கல்லூரிக்கு வரும் மாணவரிடையே நன்றாக ஆடுவோர் பலரை நான் கண்டிருக்கிறேன். பட்டம் பெற்றதும் பலருடைய ஆட்டம் முடிந்துவிடுகிறது. வேலையும் குடும்பமும் அழைக்கும்போது அது இயல்பே. ஆனால் ஆட்டம் முடிந்தாலும் அறிந்தது முடிந்துபோக வேண்டியதில்லை. ரோமில் நம் அணிக்குப் பயிற்சி தந்த ரகீமும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தாம். ஊருக்குத் திரும்பும் ஒவ்வொரு வீரரும் மாலையில் ஒரு மணி நேரம் பத்துச் சிறுவரைக் கூட்டிவைத்துக் கற்பித்தால், பத்தாண்டுகளில் நம் மாவட்டம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

கோல் ஏட்டில் ஓர் எண்ணாக நிற்கும். கற்பித்தது இன்னொருவர் காலில் ஓடிக்கொண்டிருக்கும். என் வினாவுக்கு நான் கண்ட விடை இதுவே.