சாம்பாரில் உப்புப் போட்டேனா?
(பார்க்கின்சன் உள்ள வீட்டுக்குச் சில குறிப்புகள்)

அம்மாவுக்குப் பார்க்கின்சன் வந்து ஒன்பது வருடமாகிறது. முதல் ஆறு வருடமும் டாக்டரிடம் நாங்கள் பேசியதெல்லாம் கையைப் பற்றித்தான். நடுக்கம் குறைந்ததா, டம்ளர் பிடிக்க வருகிறதா, இவ்வளவுதான். பருப்பை வேகவைத்து இறக்கிவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் அம்மா அடுப்படியில் நின்றதை அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வயசாச்சுல்ல என்று விட்டுவிட்டோம். 1817-ல் இந்த நோயைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனே, புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றுதான் எழுதிவைத்தார். உண்மையில் மூளையில் டோபமைன் குறையும்போது கைகாலோடு சேர்ந்து யோசனையும் மெதுவாகலாம். கவனமும் திட்டமிடுதலும் தடுமாறலாம். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மாத்திரை விஷயத்தில் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

1. கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் உள்ளே தயாராகிக்கொண்டிருக்கும், வெளியே வரத்தான் நேரமாகும். "நான் சொல்றதுக்குள்ள நீயே சொல்லிடற" என்று அம்மா ஒருநாள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

2. "என்ன டிபன் வேணும்?" என்றால் முழிப்பார்கள். "தோசையா, உப்புமாவா?" என்றால் உடனே பதில் வரும். இந்த நோயில் பலருக்கும் நினைவு அழிந்துபோவதைவிட, தேடி எடுப்பதுதான் கஷ்டம். சித்தி மகள் கல்யாணம் எந்த ஊரில் என்று கேட்டால் அம்மாவுக்கு வராது. திருச்சியா, தஞ்சாவூரா என்று கேட்டால் மண்டபத்தின் பேரையும் சேர்த்துச் சொல்வாள். அல்சைமர் மறதியில் இப்படித் துப்புக் கொடுத்தாலும் பெரும்பாலும் பலன் இருக்காது.

3. சமையலறையை விட்டு விலக்காதீர்கள். பருப்பு, புளி, காய், பொடி, உப்பு, தாளிப்பு என்று வரிசையைக் கொட்டை எழுத்தில் எழுதி அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். உப்புக்கு ஒரு தந்திரம்: அன்றைய சாம்பாருக்கு வேண்டிய உப்பைத் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். கிண்ணம் காலியென்றால் போட்டாயிற்று. இது அம்மாவே கண்டுபிடித்தது. ஒரு நேரத்தில் ஓர் அடுப்புதான். மிக்ஸி ஓடும்போது பேச்சு வேண்டாம். சமையல் முடிந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவது நம் வேலை.

4. நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். நமக்கு நடை தானாக ஓடும். அவர்களுக்கு ஒவ்வோர் அடிக்கும் கவனம் வேண்டும். கவனத்தைப் பேச்சு பிடுங்கிக்கொண்டால் கால் தடுமாறும். கையில் காபி டம்ளரோடு நடப்பதும் அப்படித்தான். செல்போன் அடித்தால் அடிக்கட்டும், ஓட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

5. சிலருக்கு நிலைப்படி வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார்கள். வாசற்படிக்கு முன்னால் தரையில் குறுக்காக நான்கைந்து கலர் டேப் ஒட்டுங்கள், ஓர் எட்டு இடைவெளியில். கோட்டைத் தாண்டச் சொன்னால் தூக்க முடியாத கால் தூக்கிக்கொள்ளும். தாளம் தட்டினாலும், "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினாலும் பலருக்கு நடை வரும். ஐம்பது வருடம் கோலம் போட்டவளுக்குத் தரையில் கோடு கிழித்துக்கொடுக்க எனக்கு இத்தனை நாளாயிற்று.

6. மாத்திரை நேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். எப்போது தெளிவு, எப்போது மந்தம் என்று பக்கத்திலேயே குறியுங்கள். பார்க்கின்சனுக்குத் தரும் முக்கிய மருந்தான லெவோடோபாவின் வேகம் இறங்கும்போது கையோடு சிலருக்கு யோசனையும் மங்கும். இரண்டு வாரம் எழுதினால் தெளிவான நேரம் பிடிபட்டுவிடும். குளியல், போன் பேச்சு, கணக்கு வழக்கு எல்லாம் அந்த நேரத்துக்கு. பொதுவாக, சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு இந்த மாத்திரையைப் போடச் சொல்வார்கள். பால், முட்டை, பருப்பு, கறியோடு போட்டால் அவற்றிலுள்ள புரதம் மருந்தோடு போட்டியிடும். எங்கள் வீட்டில் வெகுநாள் ஒரு டம்ளர் பாலோடுதான் கொடுத்துக்கொண்டிருந்தோம்! அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள், உடம்பு போய்விடும்.

7. வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் வயதானவர்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் கொண்டுவரலாம். தூக்கம் வரவைக்கும் சில சளி மாத்திரைகளும், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் அதே ரகம். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு கூடாது. அது டோபமைனையே தடுக்கும். ஆகவே மெடிக்கல் ஷாப்பில் வாங்கும்போதும் நோயைச் சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்தாகப் பூனைக்காலி விதைப் பொடி எடுப்பவர்கள் அதையும் ஒளிக்காமல் காட்ட வேண்டும். அந்த விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது, அளவு கூடிப்போகும். முக்கியமாக, எதையும் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

8. ஓரிரு நாளில் குழப்பம் சட்டென்று கூடினால் 'நோய் முற்றிவிட்டது' என்று உட்கார்ந்துவிடாதீர்கள். நோய் அவ்வளவு வேகமாக முற்றாது. சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், தண்ணீர் குடிக்காதது, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை, பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

9. "ஜன்னலோரம் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கு" என்றாள் அம்மா, ஒரு சாயங்காலம். அங்கே யாருமில்லை. இப்படி இல்லாத உருவம் தெரிவதாகச் சொன்னால், இல்லை என்று சண்டையும் வேண்டாம், ஆமாம் என்று நடிப்பும் வேண்டாம். "எனக்குத் தெரியலம்மா, லைட்டைப் போடறேன்" என்றாலே பாதி போய்விடும். ஆணியில் தொங்கும் சட்டை, அசையும் திரைச்சீலை இவற்றை எடுத்துவிடுங்கள். மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்; டாக்டரிடம் சொன்னால் மருந்தின் அளவை மாற்றிப் பார்ப்பார். வேறு ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், பார்க்கின்சன் இருக்கிறது, ஹாலோபெரிடால் ஊசி ஒத்துக்கொள்ளாது என்று முதலிலேயே சொல்லுங்கள்.

10. வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் சிலருக்குக் கண்ணில் பிரிந்து தெரியாது. வாழையிலையில் போடுங்கள். படிக்கட்டின் விளிம்பில் மஞ்சள் டேப்.

11. பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் மாத்திரை எடுப்பவர்களில் சிலர் போனில் ரம்மி, தேவையில்லாத ஆர்டர் என்று பணத்தை விட ஆரம்பிப்பார்கள். வெட்கத்தில் மறைப்பார்கள். குணக்கேடு இல்லை, மருந்தின் வேலை. திட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

12. முகத்தில் சிரிப்பில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள்; இதுவும் நோயின் ஒரு முகம். மனச்சோர்வாகவும் இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு. "வாக்கிங் போலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் வரும். "மணி நாலரை, செருப்பைப் போட்டுக்கோம்மா" என்றால் கிளம்பிவிடுவாள்.

13. பயிற்சிகளை நாமாகக் கேட்டால்தான் உண்டு. அம்மா விழுந்து மணிக்கட்டு உடைந்த பிறகுதான் எங்களைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி என்றெல்லாம் இருப்பதையே யாரும் சொல்லவில்லை. டாக்டரைப் பார்க்கக் கிடைப்பது ஐந்து நிமிடம் என்பதால் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: "யோசனைத் திறனைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மூன்று பயிற்சிக்கும் எழுதித்தர வேண்டும்." கடிகாரம் வரையச் சொல்வது போன்றவை அடங்கிய 'மோகா' சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். குரல் தேய்ந்தவர்களுக்கு எல்எஸ்விடி என்ற பயிற்சி நான்கு வாரத்தில் பதினாறு அமர்வு. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். வீட்டு நிலவரத்தைச் சொல்லப் பக்கத்தில் இருப்பவரும் கூடப் போவது நல்லது. அம்மா டாக்டர் முன்னால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள்.

14. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பார்க்கின்சனும் இருக்கிறது. யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று பலருக்குத் தெரியாது.

15. இந்த நோயில் பலருக்கும் கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். ஒருநாள் பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். யோசனை தெளிவாக இருக்கும்போதே புதுக் கையெழுத்து, நாமினி, கூட்டுக் கணக்கு எல்லாவற்றையும் அவர்கள் விருப்பத்தைக் கேட்டு முடித்துவிடுங்கள். நாங்கள் பத்தரை மணிக்குப் போனோம், அம்மாவின் தெளிவான நேரம் அது. பாரத்தில் நாமினி பெயர் எழுதுமிடத்தில் அம்மா வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கவுன்டரில் இருந்த பெண் "அவங்க சார்பா நீங்களே எழுதிடுங்களேன்" என்றாள். நான் ஏழு வரை எண்ணியிருந்தேன். அம்மா எழுத ஆரம்பித்தாள்.