கன்னி இராசியும் வன்னி மண்ணும்

மனிதருக்கு மட்டுமன்றித் தேசங்களுக்கும் நட்சத்திரம், இராசி உண்டு என்பது சோதிட நூலோர் கொள்கை. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தமது பிருகத் சங்கிதையிலே தேசங்களை ஓர் ஆமை வடிவில் வகுத்து, 27 நட்சத்திரங்களையும் மும்மூன்றாகப் பகிர்ந்துள்ளார். இது கூர்ம விபாகம் எனப்படும். தென்திசையிலுள்ள இலங்கைக்கு உத்தரம், அத்தம், சித்திரை ஆகிய மூன்றும் உரியனவாயின. இவற்றின் 12 பாதங்களில் 9 பாதங்கள் கன்னி இராசியைச் சேர்ந்தவை.

கன்னியின் உருவம் யாது? ஓடத்தில் அமர்ந்து, கைகளில் பயிரும் தீயும் ஏந்திய பெண் என்பர்.

இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் கமஞ்செய்யும் கிளிநொச்சி மக்களுக்கு இவ்வுருவம் அந்நியமானதன்று. சூரியன் கன்னியில் நிற்கும் புரட்டாதியிலே காலபோகத்துக்கு வயல்கள் பண்படுத்தப்படுகின்றன. தீயையும் இம்மண் கண்டது. 2008இல் ஊர்கள் வெறுமையாயின. 2009இன் பின் மீண்டு வந்தோர் பற்றை மூடிய வயல்களைத் திருத்தி விதைத்தனர்.

ஆயினும் அழிவை இராசிப்பலன் எனக் கூறி அமைதல் பொருந்தாது. கன்னி முழு இலங்கைக்கும் பொதுவானது. ஆனால் எல்லா ஊரும் எரியவில்லை. கன்னிக்கு அதிபதி புதன். அவன் புத்திக்குரிய கிரகம். தீயை அடுப்பில் ஏற்றுவதும் அயலான் கூரையில் வைப்பதும் மனிதர் புத்தியைப் பொறுத்தன. நவக்கிரகங்களை வலம்வரும் அடியார்கள் புதனிடம் பலன் கேட்குமுன் நல்ல புத்தியைக் கேட்பதே சிறப்பு.