பொறியும் புலனும்: ‘ஸீட்டா கண்டாம்’ தொடரில் உருமாறும் போர்ப்பொறி

முன்னுரை

அறிவியல் புனைவு என்றவுடன் அதனைச் சிறுவர் பொழுதுபோக்கு எனக் கருதி ஒதுக்கிவிடும் மனப்பான்மை நம்மிடையே இன்றும் உண்டு. உருமாறிப் போரிடும் எந்திரங்களைப் பற்றிய கதை என்றாலோ, அதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்ற வினா உடனே எழும். எனினும் ஜப்பானில் 1985 மார்ச்சு முதல் 1986 பிப்ரவரி வரை 50 பகுதிகளாக ஒளிபரப்பான ‘ஸீட்டா கண்டாம்’ என்னும் அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடர், ஆழ்ந்து நோக்கத்தக்க ஒரு படைப்பாகும். உருமாறுவது பொறி மட்டும்தானா, அல்லது அதனுள் அமரும் மனிதருமா என்பதை அத்தொடரின் வழி நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பொருள் விளக்கம்

‘ரோபோ’ என்னும் சொல்லை உலகிற்கு அளித்தது இலக்கியமே. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆர்.யு.ஆர்.’ என்னும் நாடகத்தில் அச்சொல் முதன்முதலாக இடம்பெற்றது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் ‘ரொபோட்டா’ என்னும் செக் மொழிச் சொல்லே அதன் வேர். ஆக, பிறரால் ஏவப்பட்டு உழைக்கும் அடிமை என்னும் கருத்து அச்சொல்லின் பிறப்பிலேயே அமைந்துள்ளது.

தமிழிலோ ‘பொறி’ என்பது பலபொருள் ஒருசொல். எந்திரமும் பொறி, மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தும் பொறி, எலியை அகப்படுத்துவதும் பொறி. இம்மூன்று பொருளையும் மனத்துள் கொண்டு தொடருக்குள் செல்வோம்.

தொடரின் பின்புலம்

இயக்குநர் யோஷியுகி டோமினோ 1941இல் பிறந்தவர். போரிலும் போருக்குப் பிந்திய வறுமையிலும் வளர்ந்த தலைமுறையினர். 1979இல் அவர் இயக்கிய முதல் கண்டாம் தொடர், பொம்மை விற்பனை குறைந்தமையால் 52 பகுதிகளுக்குப் பதிலாக 43 பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. மறு ஆண்டில் பண்டாய் நிறுவனம் வெளியிட்ட பிளாஸ்டிக் மாதிரிப் பொம்மைகளே அதற்கு மறுவாழ்வு அளித்தன. பின்னர் 1982இல் ‘மாக்ராஸ்’ தொடரும் 1984இல் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ பொம்மைகளும் வெளிவந்து, உருமாறும் எந்திரங்களின்பால் சிறுவர்க்கிருந்த ஆர்வத்தைப் பெருக்கின. இச்சூழலில் தோன்றியதே ‘ஸீட்டா கண்டாம்’. உருமாற்றம் என்பது கடைத்தெருவின் விருப்பமாகவும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அவ்விருப்பத்தையே கதையின் உட்பொருளாக ஆக்கியமையில்தான் படைப்பாளியின் திறன் புலப்படுகிறது.

கதை, விண்வெளிக் குடியிருப்புகளில் மக்கள் வாழும் ஒரு கற்பனை ஊழியில் நிகழ்கிறது. மாந்தருள் பாதிப்பேரை அழித்த ‘ஓராண்டுப் போர்’ முடிந்து ஏழாண்டுகள் கழிந்துள்ளன. வென்ற அரசின் படையே இப்போது ‘டைட்டன்ஸ்’ என்னும் பெயரால் விண்வெளி மக்களை ஒடுக்குகிறது. அதனை எதிர்ப்போர் பக்கம் சேர்கிறான் கமீல் பிதான் என்னும் இளைஞன். இங்குள்ள பொறிகள் தாமே இயங்குவன அல்ல. மனிதர் உள்ளே அமர்ந்து செலுத்துவன. இவ்வேறுபாடு மிக இன்றியமையாதது.

சோதனைப் பொறி

இத்தொடரில் வரும் சோதனைப் பொறிகளுள் தலையாயது ‘சைக்கோ கண்டாம்’. முதல் தொடரின் கண்டாம் 18 மீட்டர் உயரமே உடையது; இதுவோ 40 மீட்டர். பறக்கும் கோட்டை போன்ற பெட்டி வடிவில் வந்து, நகரின் மேல் நின்று, கையும் காலும் விரித்து மனித வடிவாக மாறுகிறது. வயிற்றுப் பகுதியிலிருந்து துகள்கற்றைகளைச் சிதறி அடிக்கிறது. ஹாங்காங் நகரை அது தாக்கும் காட்சிகளில், அதன் காலடியில் மனிதர் எவ்வளவு சிறியர் என்பதை நாம் காண்கிறோம்.

இப்பொறியை இயக்குவது கைவிசை மட்டுமன்று. ஓட்டுநரின் மூளையில் எழும் எண்ண அலைகளை ஆணைகளாக மாற்றும் அமைப்பு ஒன்று அதனுள் உண்டு. பொறி என்னும் எந்திரம், பொறி என்னும் புலனோடு பிணைக்கப்படும் இடம் இதுவே. விண்வெளியில் வாழ்வோரிடம், சொல்லின்றியே ஒருவர் உள்ளத்தை மற்றவர் உணரும் ஆற்றல் மலரும் என்பது டோமினோவின் கற்பனை. அன்பை வளர்க்க வேண்டிய அவ்வாற்றலே குறிபார்த்துச் சுடுவதற்குப் பயன்படுத்தப்படுகிறது. அவ்வாற்றல் இயல்பாக வாய்க்கப் பெறாதவரிடத்தும் அதனைச் செயற்கையாக உண்டாக்க ஆய்வுக்கூடங்கள் முற்படுகின்றன.

பெயர் இழந்த பெண்

சைக்கோ கண்டாமை இயக்குபவள் ஃபோர் முரசமே என்னும் இளம்பெண். ‘ஃபோர்’ என்பது அவளுடைய பெற்றோர் இட்ட பெயரன்று. ஆங்கில எண்ணாகிய நான்கு. முரசமே ஆய்வுக்கூடத்தின் நான்காம் சோதனைப் பொருள் என்பதே அதன் பொருள். பொறிக்கும் எண், அவளுக்கும் எண்! அவளுடைய இளமை நினைவுகள் பறிபோய்விட்டன. போரிட்டால் அந்நினைவுகளைத் திருப்பித் தருவோம் என்று கூறியே அவளைப் பொறியில் ஏற்றுகின்றனர். கண்ணி என்னும் மூன்றாம் பொருளும் இவ்விடத்தில் பொருந்துவதைக் காணலாம்.

பகைவனாகிய கமீலோடு பேசிப் பழகிய சிறு பொழுதே அவள் வாழ்வில் அவளுக்கென அமைந்த பொழுது. பின்னர்க் கிளிமஞ்சாரோவில் நிகழும் போரில், அவன்மேல் விழவிருந்த தாக்குதலைத் தன் பொறியைக் குறுக்கே நிறுத்தித் தாங்கி அவள் உயிர்விடுகிறாள். அழிப்பதற்காகவே ஆக்கப்பட்ட பொறி, ஒருமுறை ஓர் உயிரைக் காக்கும் கேடயமாகிறது. பொறிஞர் எவரும் திட்டமிடாத உருமாற்றம் அது ஒன்றே எனலாம்.

அவளுக்குப்பின் வரும் ரோசமியாவின் நிலையும் இரங்கத்தக்கதே. கமீலே தன் தமையன் என்னும் பொய்நினைவு அவள் உள்ளத்தில் புகுத்தப்படுகிறது. அவளும் இரண்டாம் சைக்கோ கண்டாமில் ஏற்றப்பட்டு, இறுதியில் அவன் கையாலேயே மடிகிறாள்.

வெற்றியின் விலை

நாயகனின் பொறியான ஸீட்டா கண்டாமும் உருமாறுவதே. வளிமண்டலத்துள் புகுங்கால், தன் வேகத்தால் எழும் அதிர்வலையின் மீதே மிதந்து செல்லும் ஊர்தியாக அது வடிவங்கொள்ளும். இத்தகைய வடிவம் வானூர்தி இயலில் உண்மையாகவே ஆராயப்பட்டதாகும். ஆயின் இறுதிப்போரில் அவ்வூர்தி வடிவமே பகைவன்மேல் பாயும் ஈட்டியாகிறது. கமீல் வெல்கிறான்; வென்ற அக்கணமே அவன் மனம் சிதைகிறது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இக்கதையை மூன்று திரைப்படங்களாக மீண்டும் அளித்த டோமினோ, கமீல் நலமுடன் மீள்வதாக முடிவை மாற்றினார். எனினும் ஃபோரின் இழப்பு மாறவில்லை.

முடிவுரை

இவை யாவும் கற்பனைதாமே என்று அமைதி கொள்ள இயலவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்பா, அறுவை மருத்துவமின்றியே படைவீரரின் மூளையை எந்திரங்களோடு இணைக்கும் ஆய்வுத் திட்டம் ஒன்றை 2018இல் அறிவித்தது. இதே துறை அறிவு, கைகால் செயலிழந்தோர் மீண்டும் பொருள்களைப் பற்றவும் பேசவும் துணைபுரிகிறது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆகவே அறிவைக் குறை கூறுவது நம் கருத்தன்று. அப்பொறியோடு பிணைக்கப்படுபவர் தம் விருப்பத்தால் வந்தவரா, அவருக்கு எண் இருக்கிறதா பெயர் இருக்கிறதா என்பனவே நாம் கேட்க வேண்டிய வினாக்கள். நாளை பொறியியலும் மருத்துவமும் பயிலப்போகும் நம் மாணவர்கள் அவ்வினாக்களை உடன்கொண்டு செல்வார்களாயின், ஒரு கற்பனைக் கதையை நாம் ஆராய்ந்தது வீண்போகாது.